வியர்த்த விமானி

சிமுலேட்டர் கூடத்துக்குள் காலை வைத்ததுமே கோபு தும்மினான்.

"மேடம், இது பைலட் டிரெயினிங் சென்டரா, மீன் வைக்கிற கோல்டு ஸ்டோரேஜா? மூக்கு இருக்கான்னு தொட்டுப் பார்த்துக்கிட்டேன்."

கல்கத்தா லேக் மார்க்கெட் பூக்கடைகளுக்கு மேல்மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்திவரும் பத்மஜா, தன் உதவியாளனின் வாய்க்குப் பூட்டுப் போடும் முயற்சியை எப்போதோ கைவிட்டிருந்தாள். அவன் ஓட்டும் பழைய ஆல்ட்டோவும் அவன் வாயும் ஒன்று. கிளப்பிவிட்டால் தானாகத்தான் நிற்க வேண்டும்.

அவளுக்குப் பக்கத்தில் மஹிமா நின்றிருந்தாள். காலேஜ் பெண். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

விஷயம் இதுதான். மஹிமாவின் அண்ணன் கிரீஷ், ஈஸ்ட்விங் ஏர் என்ற கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி விமானி. கல்கத்தாவிலிருந்து சுற்றுவட்டார ஊர்களுக்கு, எழுபது பேர் உட்காரும் சின்ன விமானங்களை ஓட்டும் கம்பெனி. இன்று மாலை நாலு மணிக்கு அவனுக்குக் கடைசிப் பரீட்சை. விடிந்தும் விடியாததுமாக வீட்டிலிருந்து கிளம்பினான். 'சிமுலேட்டருக்கு வந்துட்டேன், போனை அணைக்கப்போறேன்' என்று அவன் போனிலிருந்து தங்கைக்கு ஒரு செய்தி வந்தது. கூடவே, அவன் விமானி இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒரு போட்டோ. பிறகு, நியூ டவுனில் இருக்கும் இதே பயிற்சி மையத்திலிருந்து வீட்டுக்கு போன். 'உங்கள் பையன் இன்னும் வரவில்லையே, ஏன்?'

"வரவே இல்லம்மா," என்றார் கேப்டன் ரமேஷ்பாபு. பயிற்சிப் பிரிவின் தலைவர். சொந்த ஊர் சென்னை. எதையும் இரண்டாவது தடவை சொல்லப் பிடிக்காதவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. "வாசல் கேமராவை நானே பார்த்துட்டேன். இன்னிக்கு அவன் இந்தக் கட்டடத்துக்குள்ள காலே வைக்கல."

"அப்போ இந்த போட்டோ?" மஹிமா போனை நீட்டினாள்.

"பழசா இருக்கும்."

"இல்ல சார்! இந்தச் சட்டை துர்கா பூஜோவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. இன்னிக்குக் கார்த்தாலதான் அண்ணா குண்டூசியெல்லாம் பிடுங்கிப் போட்டுண்டான். இதுக்கு முன்னாடி தொட்டதே இல்ல."

கேப்டன் தோளைக் குலுக்கினார். "நான் சொல்றது கசப்பா இருக்கும். டெஸ்ட் அன்னிக்கு பயந்து ஓடிப்போற பசங்க உண்டு. கிரீஷ் கொஞ்சம் ஸ்லோ. நாலு மணிக்குள்ள நேர்ல வந்து என் முன்னாடி நின்னாத்தான் பேட்ச்ல அவன் பேர் இருக்கும். இல்லன்னா போச்சு. இது என் ரூல் இல்ல, கம்பெனி ரூல்."

மஹிமா பத்மஜாவின் பக்கம் திரும்பினாள். "கீ கோர்போ மாமி? என்ன பண்றது? அண்ணா ஓடற ஆள் இல்ல. அவனுக்கு ஏதோ ஆயிடுத்து."

பத்மஜா அவள் தோளில் கை வைத்தாள். உள்ளே வராத ஒருவன் உள்ளே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறான் என்றால், அதை யாரோ செய்யவைத்திருக்கிறார்கள்.

"அந்தச் சிமுலேட்டரைப் பார்க்கலாமா?"

நீண்ட இரும்புக் கால்களின் மேல் நின்றது, தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் அந்தப் பெட்டி. நம் ஆயுத பூஜைபோல் கருவிகளுக்குப் படைக்கும் விஸ்வகர்மா பூஜை நாள் என்பதால் எஞ்சினியர்கள் அதற்கும் சாமந்தி மாலை போட்டு, நெற்றி என்று ஓர் இடத்தைத் தீர்மானித்துக் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஸ்வெட்டர் அணிந்த ஓர் இளைஞன் கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் விசைகளைத் தட்டுவதுபோல் விரல்களை அசைத்துக்கொண்டிருந்தான்.

"இவன் அபினவ். கிரீஷோட பார்ட்னர். ரெண்டு பேரும் தமிழ்ப் பசங்களாச்சேன்னு நான்தான் ஜோடி சேர்த்துவிட்டேன்."

அபினவ் கண்ணைத் திறந்தான். "கிரீஷைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா மேடம்? நேத்து சாயந்திரம் பார்த்ததுதான். ரொம்ப டென்ஷனா இருந்தான். இன்னிக்கு போன் பண்ணிப் பண்ணிப் பார்த்துட்டேன்."

பெட்டிக்குள் ஏறினார்கள். கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் பொத்தான்களும் முள் காட்டிகளும் இருந்தன. கோபு ஒரு சீட்டில் உட்காரப்போனான். கேப்டன் பார்த்த பார்வையில் நின்றுவிட்டான்.

"இடது பக்கம் கேப்டன் சீட்," என்றார் ரமேஷ்பாபு. "வலது பக்கம் கோ-பைலட். புதுப் பசங்க பரீட்சை எழுதறது வலது சீட்லதான். ஒருத்தன் வலது பக்கம் டெஸ்ட் கொடுக்கும்போது பார்ட்னர் இடது பக்கம் உட்கார்ந்து ஒத்தாசை பண்ணுவான். அப்புறம் இடம் மாறிப்பாங்க."

"பார்ட்னர் வரலைன்னா?"

"சீனியர் ஒருத்தர் இடது சீட்ல உட்காருவார். இன்னிக்கு கேப்டன் சதீஷைச் சொல்லியிருக்கேன்."

"அடடே, அபினவுக்கு யோகம்தான்," என்றான் கோபு. "பரீட்சை ஹால்ல பக்கத்து பெஞ்சுல வாத்தியாரே வந்து உட்கார்ற மாதிரி."

"அவனுக்கு எதுக்குய்யா யோகம்? பேட்ச்லயே அவன்தான் ஃபர்ஸ்ட்."

பத்மஜா போட்டோவையும் காக்பிட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தில் கிரீஷ் இரண்டு கைகளாலும் கண்ட்ரோல் வளையத்தைப் பிடித்தபடி சிரித்தான். அவனுடைய இடது தோளை ஒட்டி ஜன்னல். வெளிர்நீலச் சட்டை. பார்வைக்கு இதே இடம்தான். அதே பொத்தான்கள், அதே முள்கள்.

மஹிமா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவள் பற்கள் தந்தியடித்தன. பத்மஜா அவளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு போட்டோவைப் பெரிதாக்கினாள்.

"கேப்டன், இங்க எப்பவும் இவ்வளவு குளிரா?"

"மெஷினுக்காக. ஏசியை நிறுத்தினா சிமுலேட்டர் தானா நின்னுடும். பசங்க மே மாசத்துலகூட ஸ்வெட்டரோடதான் வருவாங்க."

"கோபு, வண்டியை எடு."

"எங்க மேடம்?"

"இந்தப் பையன் சட்டையைப் பாரு. காலர், கக்கம், மார்பு எல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு. மூக்கு நுனியில ஒரு சொட்டு தொங்கறது. இந்த ஐஸ் பெட்டியில உட்கார்ந்தா ஒருத்தனுக்கு மூக்கு ஒழுகும். இப்படி வேர்க்காது."

கேப்டன் போனை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"அப்ப இது நம்ம காக்பிட் இல்ல," என்றார் மெதுவாக.

"இந்த ஊர்ல ஏசி இல்லாத காக்பிட் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சா கிரீஷைக் கண்டுபிடிச்ச மாதிரி."

கோபு தலையைச் சொறிந்தான். பிறகு அவன் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "டாலிகஞ்ச் மேடம்! எங்க ஏரியா! உடைச்சுப்போட்ட ஒரு சின்ன விமானத்தோட முன்பாதியை ஒரு ஸ்டுடியோக்காரன் வாங்கி வெச்சிருக்கான். பெங்காலி சீரியல்ல எந்த ஹீரோ பைலட்டானாலும் அதுலதான் பறப்பான். நானே அதுல ஒரு தடவை பயணியா நடிச்சிருக்கேன். மூணாவது வரிசை. நிஜமாவே தூங்கிட்டேன். தத்ரூபமா இருந்துதுன்னு டைரக்டர் பாராட்டினார்."

"அங்க ஏசி?"

"ஷூட்டிங் இருந்தாத்தான். இன்னிக்கு விஸ்வகர்மா பூஜை. ஆசாரி சுத்தியலைத் தொடமாட்டான், லைட்மேன் ஒயரைத் தொடமாட்டான். ஷூட்டிங் ஃப்ளோரையே பூட்டி வெச்சிருப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கோபுவுக்கே அதன் பொருள் உறைத்தது. இந்தப் புழுக்கத்தில், காற்று புகாத ஷூட்டிங் கூடத்தில், காலையிலிருந்து ஒருவன். அவன் அதற்குமேல் ஜோக் அடிக்கவில்லை.

கேப்டனிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு பத்மஜா இறங்கினாள். கீழே அபினவ் இன்னும் காற்றில் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

பைபாஸில் ஆல்ட்டோ பறந்தது. அதாவது, ஆல்ட்டோவுக்குப் பறப்பது என்று எதைச் சொல்வார்களோ அதைச் செய்தது. ஆட்டோக்களெல்லாம் மாலை போட்டுக்கொண்டு ஸ்டாண்டில் பூஜை வாங்கிக்கொண்டிருந்தன. பூஜை வழக்கப்படி மாடிக்கு மாடி பட்டம். நூல் அறுந்த பட்டம் ஒன்று கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ள, கோபு கையை வெளியே விட்டுப் பிய்த்து எறிந்தான்.

பின் சீட்டில் மஹிமா ஸ்டுடியோவின் நம்பருக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். யாரும் எடுக்கவில்லை.

"மாமி, அண்ணா ஏன் அங்க போகணும்? அதுவும் இன்னிக்கு?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். பரீட்சைக்கு முன்னாடி உங்க அண்ணா வீட்ல எப்படிப் படிப்பான்?"

"சுவத்துல காக்பிட் படம் ஒட்டி வெச்சிருக்கான். அதுக்கு முன்னாடி ரெண்டு நாற்காலி. அபினவ் வந்தா ரெண்டு பேரும் அதுல உட்கார்ந்துண்டு காகிதத்தைத் தொட்டுத் தொட்டு பிராக்டிஸ் பண்ணுவா. அம்மா பைத்தியம் பிடிச்சுடுத்துங்கறா."

"காகிதத்தைத் தொட்டே பழகினவனுக்கு நிஜ லீவர் கிடைக்கும்னு யாராவது சொன்னா?"

மஹிமா யோசிக்கவே இல்லை. "நடுராத்திரி எழுப்பினாலும் போவான்."

ஸ்டுடியோ வாசலிலேயே பாட்டு காதைப் பிளந்தது. முற்றத்தில் பந்தல். யானைமேல் விஸ்வகர்மா. அவருக்கு இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர்கள். தச்சர்களும் லைட்மேன்களும் கிச்சடித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆஜ் ஷோப் பொந்தோ, தாதா," என்று காவல்காரர் கையை விரித்தார். இன்று எல்லாமே மூடல்.

கோபு அவரிடம் பெங்காலியில் பொரிந்தான். பிளேன் செட் இருக்கும் ஃப்ளோரின் சாவி எங்கே? ஒரு விளம்பரக் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டுப் பூட்டிப் போனதாகக் காலை ஷிஃப்ட்காரர் சொன்னாராம். அந்த ஷிஃப்ட்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். சாவியும் அவரோடு போய்விட்டது.

கூடத்தின் பெரிய தகரக் கதவில் பத்மஜா காதை வைத்தாள். வெயிலில் கதவு கொதித்தது. உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்க முடியாமல் ஸ்பீக்கர் அலறியது. கதவே பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது.

"கோபு, அந்தப் பாட்டை நிறுத்து."

"மேடம், பூஜையில பாட்டை நிறுத்தினா அடுத்த வருஷம் விஸ்வகர்மாவுக்குப் பதிலா என்னைத்தான் கரைப்பாங்க."

"நிறுத்து."

கோபு நேராகப் பந்தலுக்குப் போய் ஒயரைப் பிடித்து இழுத்தான்.

முற்றம் முழுவதும் சட்டென்று அமைதியானது. கிச்சடித் தட்டுகள் அப்படியே நின்றன. நாலைந்து பேர் கோபத்தோடு எழுந்தார்கள்.

டொக்.

மஹிமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

டொக். டொக்.

தகரத்தின் மறுபக்கம், தரையை ஒட்டி, யாரோ காலால் உதைக்கும் சத்தம். மிகவும் பலவீனமாக இருந்தது.

கோபுவை அடிக்க வந்தவர்கள் கதவுக்கு ஓடினார்கள். அன்று இரும்பைத் தொடக்கூடாது என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள். விஸ்வகர்மாவின் காலடியில் பொட்டு வைத்துப் படைத்திருந்த கடப்பாரையை ஒரு தச்சர் எடுத்து வந்தார். இரண்டே போடில் பூட்டு தெறித்தது.

கிரீஷ் கதவோரம் சுருண்டு கிடந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. மஹிமா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு 'அண்ணா, அண்ணா' என்று கதறினாள். யாரோ உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டாவது தம்ளருக்குப் பிறகுதான் அவனுக்குக் கண் தெளிந்தது.

"டாக்டர்கிட்ட போலாம்," என்றாள் பத்மஜா.

"டயம் என்ன?" என்றான் அவன். அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. "நாலு மணிக்குள்ள நான் போயாகணும். என்னால முடியும்."

"போகலாம். யார் உன்னைப் பூட்டினது?"

"யாருமில்ல மாமி. பிராக்டிஸ் பண்ணலாம்னு தனியா வந்தேன். கதவு தானா மாட்டிண்டுது."

"வெளிப்பக்கம் பூட்டு தானா மாட்டிக்குமா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பத்மஜா போனை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இந்த போட்டோல நீ எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கே?"

கிரீஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

"உன் இடது தோள்கிட்ட ஜன்னல். அப்படின்னா இடது சீட். கேப்டன் சீட். உனக்குப் பரீட்சை வலது சீட்ல. தனியா பிராக்டிஸ் பண்ண வந்தவன் தன் சீட்டை விட்டுட்டு ஏம்ப்பா அடுத்தவன் சீட்ல உட்காரணும்? வலது சீட்ல வேற ஒருத்தன் இருந்தான். அங்கேர்ந்துதான் இந்தப் படத்தையும் எடுத்திருக்கான். இந்த ஊர்ல உன்னை இடது பக்கம் உட்கார வெச்சுண்டு வலது பக்கம் பிராக்டிஸ் பண்ண வேண்டிய ஆள் ஒருத்தன்தான்."

"அபினவா?" மஹிமா கத்தினாள். "அவன் நம்மாத்துல சாப்பிடறவன்!"

"ஆனா மேடம், அவன்தானே ஃபர்ஸ்ட் மார்க்," என்றான் கோபு. "கடைசி பெஞ்சைப் பூட்டி வெச்சு முதல் பெஞ்சுக்கு என்ன லாபம்?"

கிரீஷின் கண்ணில் நீர் நிறைந்தது. "அவன் ஃபர்ஸ்ட் இல்ல," என்றான். "நான்தான் அவனை ஃபர்ஸ்டா வெச்சிருந்தேன்."

காரில்தான் மீதியைச் சொன்னான். அவசரம் என்று வந்தால் அபினவுக்குக் கை உறைந்துவிடும். எஞ்சின் தீப்பிடித்ததாக சிமுலேட்டரில் மணி அடித்தால் எதைத் தொடுவது என்று மறந்துபோகும். ஆரம்பத்தில் ஒருநாள், நண்பன் திணறுவதைப் பார்க்க முடியாமல், இடது சீட்டிலிருந்து கிரீஷ் முழங்காலால் அவன் முழங்காலைத் தட்டினான். ஒரு தட்டு இந்த விசை, இரண்டு தட்டு அந்த விசை. அதுவே பழக்கமாகிவிட்டது. அபினவின் மார்க் ஏறியது. இரண்டு பேருடைய வேலையையும் மனசில் சுமந்ததில் கிரீஷ் தன் முறை வரும்போது களைத்துப்போனான்.

"நேத்து சாயந்திரம் சொல்லிட்டேன் மாமி. டெஸ்ட்ல தட்டமாட்டேன்னு. கெஞ்சினான். முடியாதுன்னேன். அப்புறம் ராத்திரி போன் பண்ணி, சரிடா, நீ சொல்றதுதான் கரெக்ட், டாலிகஞ்ச்ல நிஜப் பேனல் இருக்கு, விளம்பரக் கம்பெனின்னு சொல்லி சாவி வாங்கிடலாம், ஒரு மணி நேரம் ஒழுங்கா பழகிக்கறேன்னான். எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தது. உன் தங்கைக்கு அனுப்பலாம்னு என் போனை வாங்கிப் படம் எடுத்தான். டீ வாங்கிண்டு வரேன்னு போனான்."

"நீ இல்லன்னா இடது சீட்ல சீனியர் கேப்டன்," என்றாள் பத்மஜா. "அவர் தட்டிக் கொடுக்க மாட்டார். ஆனா அவர் பக்கம் எல்லாம் தானா நடந்துடும். பாதி பாரம் குறைஞ்சுடும்."

"அவனுக்கு அது போதும். தத்தித் தத்திப் பாஸ் ஆயிடுவான்."

நாலு மணிக்கு இன்னும் கொஞ்சமே இருந்தபோது அவர்கள் பயிற்சி மையத்தின் அறைக்குள் நுழைந்தார்கள். கேப்டன் ரமேஷ்பாபுவும் சதீஷும் எழுந்து நின்றார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த அபினவ் எழவில்லை. கிரீஷைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது.

"கிரீஷோட போன் உன் பையிலதானே இருக்கு?" என்றாள் பத்மஜா.

அபினவ் மறுக்கவில்லை. பையைத் திறந்து, போனை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

கிரீஷ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னான். பூட்டியதை ஒரு வரியில் முடித்தான். முழங்காலால் தட்டிக்கொடுத்ததை முழுக்கச் சொன்னான். மஹிமா அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவன் நிறுத்தவில்லை.

ரமேஷ்பாபு உட்கார்ந்துவிட்டார்.

"இதைச் சொல்லாம இருந்திருந்தா உனக்குப் பிரச்சனையே இல்ல, தெரியுமில்ல?"

"தெரியும் கேப்டன்."

"டைமுக்கு வந்துட்டே. சிமுலேட்டர் ரெடி. டெஸ்ட் கொடுக்கறியா?"

இதற்காகத்தானே அந்த ஆல்ட்டோ ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடி வந்தது. கிரீஷ் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

"இல்ல கேப்டன். இன்னிக்கு நான் ஃபிட் இல்ல."

"நேர்ல வந்து ஃபிட் இல்லன்னு சொன்னவனுக்கு வேற தேதி உண்டு," என்றார் ரமேஷ்பாபு. "தட்டிக் கொடுத்ததுக்கு விசாரணையும் உண்டு. ரெண்டுக்கும் தயாரா இரு. சதீஷ், டாக்டரைக் கூப்பிடுங்க. அபினவ், நீ இங்கேயே இரு. போலீஸ் வரும்."

"விஸ்வகர்மா பூஜையன்னிக்கு போலீஸ் லத்தியைத் தொடுவாங்களா மேடம்?" என்று கோபு முணுமுணுத்தான். பத்மஜா அவனை முறைத்தாள். ஆனால் அவன் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

அபினவ் அப்போதுதான் வாயைத் திறந்தான். "டெஸ்ட் முடிஞ்சதும் வந்து திறந்து விடலாம்னுதான்டா இருந்தேன். சத்தியமா. உன்னை அப்படியே விட்டுட மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றான் கிரீஷ். "அந்த இருட்டுல, நீ வருவேன்னுதான் உட்கார்ந்திருந்தேன். சாகறதுக்குக்கூட நான் பயப்படலடா. நீ திறக்க வரும்போது பாஸ் ஆயிருப்பியே, எழுபது பேரை ஏத்திண்டு பறப்பியேன்னுதான் பயந்தேன்."